ஐந்து வாட்: சிற்றாற்றல் வானொலியின் வரலாறு

ஐந்து வாட் மின்சாரத்தில் ஒரு படுக்கையறை விளக்கு மங்கலாக எரியும். அதே ஐந்து வாட்டை வானலையில் ஏற்றிக் கடல் கடந்த ஊரில் இருப்பவருடன் செய்தி பரிமாறிக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்று, வணிக நோக்கம் இல்லாமல் வானொலித் தொடர்பு கொள்வோர் அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவர். ஹாம் என்பது அவர்களுக்கு வழங்கும் இன்னொரு பெயர். அவர்களுள் குறைந்த ஆற்றலை விரும்பித் தேர்ந்தவர்களின் துறைக்குக் கியூ.ஆர்.பி. என்று பெயர். மோர்ஸ் முறையில் 5 வாட், குரல்வழியில் உச்ச அளவு 10 வாட் என்பது இன்று பெரும்பாலான சங்கங்கள் ஏற்கும் வரம்பு. ஒரு வாட்டுக்கும் கீழே இறங்குவோரின் முயற்சியைக் கியூ.ஆர்.பி.பி. என்பார்கள்.

அனுப்புபவர் தன் ஆற்றலைக் குறைக்கும்போது தொடர்பின் சுமை வேறு இடங்களில் ஏறுகிறது. ஆன்டெனா சீராக இருக்க வேண்டும். ரிசீவர் கூர்மையாக வேண்டும். எந்த நேரத்தில் எந்த அலை எத்திசையில் செல்லும் என்ற அறிவு வேண்டும். மறுமுனையில் பொறுமையாகக் கேட்கும் செவியும் வேண்டும். சிற்றாற்றல் வானொலியின் நூறாண்டு வரலாறு இந்தச் சுமை இடம் மாறிவந்த வரலாறுதான்.

பெயர் வந்த வழி

கப்பல்களும் கரை நிலையங்களும் மோர்ஸில் பேசத் தொடங்கிய காலத்தில் கருவியின் முன் அமர்ந்தவர்கள் பல மொழிக்காரர்கள். அடிக்கடி எழும் கேள்விகளை மூன்றெழுத்துச் சுருக்கங்களாக்கி, 1909ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் அரசு ஒரு பட்டியல் வகுத்தது. எல்லாச் சுருக்கங்களும் கியூ என்ற எழுத்தில் தொடங்கின. 1912இல் லண்டனில் கூடிய பன்னாட்டு வானொலித்தந்தி மாநாடு அம்முறையை ஏற்றது. அதில் கியூ.ஆர்.ஓ. என்றால் ஆற்றலைக் கூட்டுக என்று பொருள், கியூ.ஆர்.பி. என்றால் குறைக்க என்று பொருள். வினாக்குறியோடு அனுப்பினால் "குறைக்கட்டுமா?" என்ற கேள்வியாகும்.

பக்கத்துக் கப்பலின் பேரிரைச்சலில் தொலைவில் இருப்பவரின் மெல்லிய ஒலி அமுங்கிப்போகும்போது பயன்படுத்தவே இந்தச் சுருக்கம் உருவானது. அடுத்தவர் பேச வழிவிடும் மரியாதை அதில் இருந்தது. பிற்கால ஹாம்கள் அந்தக் கட்டளையைப் பெயர்ச்சொல்லாக்கி, குறைந்த ஆற்றலில் இயங்கும் முறைக்கே சூட்டினார்கள்.

பெரும்பொறியும் பயனற்ற அலையும்

வானொலியின் தொடக்க நாள்களில் தொலைவு வேண்டுமென்றால் ஆற்றல் வேண்டும் என்பதே பொதுக் கருத்து. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள போல்டு நிலையத்திலிருந்து புறப்பட்ட மோர்ஸ் புள்ளிகளை நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில் கேட்டதாக அறிவித்தார். பட்டத்தில் கட்டி உயர்த்திய கம்பி அங்கே ஆன்டெனாவாக இருந்தது. காதில் வைத்த தொலைபேசிக் குழல்தான் கேட்கும் கருவி. அனுப்பிய பக்கத்தில் பல கிலோவாட் ஆற்றலில் மின்பொறி பறந்தது. அலை நீளமாகவும் ஆற்றல் பெரிதாகவும் இருந்தால் இன்னும் தொலைவு எட்டலாம் என்ற நம்பிக்கையில் நிறுவனங்களும் கடற்படைகளும் மேலும் மேலும் பெரிய நிலையங்களைக் கட்டின.

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் பொறி டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பழகிய இளைஞர்கள் பெருகியதும் கட்டுப்பாடு வந்தது. டைட்டானிக் மூழ்கிய நான்கு மாதங்களில், 1912 ஆகஸ்டில் இயற்றப்பட்ட வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கு உட்பட்ட அலைநீளங்களுக்கு ஒதுக்கியது. உள்ளீட்டு ஆற்றலுக்கு ஒரு கிலோவாட் என உச்சவரம்பும் விதித்தது. அத்தனை குறுகிய அலைகள் தொலைவு போகா என்று வல்லுநர்கள் அப்போது கருதினார்கள். எதற்கும் உதவாத நிலம் என்று தள்ளிக் கொடுக்கப்பட்ட பகுதி அது.

அந்த நிலத்தின் வளம் தெரிய வந்ததற்குக் கேட்பதில் ஏற்பட்ட முன்னேற்றமே முதற்காரணம். 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் சங்கம் பால் காட்லி என்ற தேர்ந்த வானொலியாளரை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸன் கடற்கரைக்கு அனுப்பியது. அவர் கூடாரம் அடித்து, நெடுந்தூரம் நீட்டிய ஒற்றைக் கம்பியை ஆன்டெனாவாக்கி, அன்று புதிதாக வந்திருந்த சூப்பர் ஹெட்டரோடைன் ரிசீவரோடு குளிரில் விழித்திருந்தார். கனெடிகட் மாநிலத்தின் கிரீனிச்சிலிருந்து வால்வு டிரான்ஸ்மிட்டர் அனுப்பிய செய்தி அவருக்குத் தெளிவாகக் கிடைத்தது. சட்டம் அனுமதித்த ஒரு கிலோவாட்டுக்குள் அட்லாண்டிக்கைக் கடக்கலாம் என்பது அன்று உறுதியாயிற்று.

அடுத்த படிகள் வேகமாக வந்தன. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாய், அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோருடன் நூறு மீட்டரை ஒட்டிய அலையில் இருவழித் தொடர்பு கொண்டார். 1924 அக்டோபர் 18 அன்று லண்டன் மில் ஹில் பள்ளியின் நிலையத்திலிருந்து செசில் காய்டர், உலகின் மறுகோடியான நியூஸிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கிலிருந்த ஃபிராங்க் பெல்லுடன் பேசினார். இதற்கான காரணத்தை அறிவியலும் அதே ஆண்டுகளில் தெளிவாக்கியது. வானின் மேலடுக்கில் மின்னேற்றம் கொண்ட படலம் இருக்கலாம் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902இல் தனித்தனியே ஊகித்திருந்தார்கள். 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் சோதனை மூலம் அதை மெய்ப்பித்தார். அயனி மண்டலம் என்ற அந்தக் கூரையில் பட்டுத் திரும்பும் குறுஅலை, கடலையும் மலையையும் தாண்டி இறங்குகிறது. இவ்வளவு தொலைவுக்குக் கூரையே துணை செய்யும்போது அனுப்புபவரிடம் பேராற்றல் தேவையில்லை என்பது புரியத் தொடங்கியது.

சென்னையின் 40 வாட்

அதே 1924இல் சென்னையிலும் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர் பேசத் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மே மாதத்தில் உருவான மதராஸ் மாகாண வானொலிச் சங்கம், ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. கருவியின் ஆற்றல் 40 வாட். பின்னர் 200 வாட் கருவி வந்தது. இந்தியாவில் முறையான ஒலிபரப்பு நிறுவனங்கள் எழுவதற்கு முன்பே ஆர்வலர்கள் சந்தா கட்டி நடத்திய முயற்சி இது. பணமுடையால் 1927இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. கருவி மாநகராட்சியின் கைக்குச் சென்று, 1930இல் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடர்ந்தது. இது ஒருவழி ஒலிபரப்பு. ஹாம்களின் இருவழித் தொடர்பைப் போன்றதன்று. ஆனாலும் சிறிய ஆற்றல், தனி ஆர்வம், உறுப்பினர் சந்தா என்ற மூன்றும் சேர்ந்து ஒரு நகரின் வானொலியைத் தொடங்கிவைத்த நிகழ்வு என்ற வகையில் இதற்கு இந்த வரலாற்றில் இடம் உண்டு.

பனிப்பாறையிலிருந்து வந்த குரல்

சிறு டிரான்ஸ்மிட்டரின் வலிமையை உலகம் முழுதும் உணரச் செய்தது 1928ஆம் ஆண்டின் ஆர்க்டிக் விபத்து. இத்தாலியின் உம்பர்டோ நோபிலே தலைமையில் வட துருவத்தின் மேல் பறந்து திரும்பிய இத்தாலியா என்ற ஆகாயக் கப்பல், மே 25 அன்று ஸ்வால்பார்டுக்கு வடகிழக்கே பனிப்பரப்பில் விழுந்தது. சிதறிய பொருள்களுக்கிடையே ஒண்டினா 33 என்ற சிறிய அவசரகாலக் குறுஅலை டிரான்ஸ்மிட்டர் கிடைத்தது. வானொலியாளர் ஜூசெப்பே பியாஜி அதற்கு ஆன்டெனா அமைத்து, நாள்தோறும் உதவி கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். துணைக்கப்பலான சித்தா தி மிலானோ அதைக் கவனிக்கவில்லை.

ஜூன் 3 அன்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சோவியத் நாட்டின் வோஸ்னெசென்யே-வோக்மா என்ற சிற்றூரில் நிகோலாய் ஷ்மிட் என்ற இளைஞர் தான் கட்டிய ரிசீவரில் அந்த அழைப்பின் துண்டுகளைக் கேட்டார். கேட்டதைத் தந்தி மூலம் மாஸ்கோவுக்குத் தெரிவித்தார். தேடுதல் திசை பெற்றது. ஜூலை 12 அன்று கிராஸின் என்ற சோவியத் பனியுடைப்புக் கப்பல், பனியில் எஞ்சியிருந்தவர்களை மீட்டது. அருகிலிருந்த பெரிய கப்பலுக்கு எட்டாதது, தொலைவில் ஒரு கிராமத்து இளைஞரின் ஹெட்போனுக்கு எட்டியது. குறுஅலையின் இயல்பும் அப்படிப்பட்டதே. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை, இடையிலுள்ள ஒரு வட்டத்தைத் தாண்டிக் குதித்துத் தொலைவில் இறங்கும். அந்த இடைவட்டத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

போர்க்காலத்துப் பெட்டிகள்

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பல நாடுகளில் ஹாம் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. ஆனால் சிற்றாற்றல் கருவி அமைக்கும் கலை அந்த ஆண்டுகளில் வளர்ந்தது. ஜெர்மனி பிடித்திருந்த நாடுகளுக்குள் இறங்கும் உளவாளிகளுக்காகப் பிரிட்டிஷ் உளவுத்துறை பாராசெட் என்ற சிறு கருவியை உருவாக்கியது. மூன்று வால்வுகள், ஐந்து வாட்டை ஒட்டிய ஆற்றல், கிரிஸ்டல் வழி நிலைநிறுத்திய அலைவெண், மேல்தட்டிலேயே பொருத்திய மோர்ஸ் கீ. இவ்வளவும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கின. ஆற்றல் குறைவாக இருந்ததால் மின்கலத்தில் ஓடியது. எளிதில் மறைக்கவும் முடிந்தது. திசை கண்டுபிடிக்கும் வண்டிகள் நெருங்குவதற்குள் செய்தியை முடித்துக் கருவியை அணைத்தாக வேண்டும். எனவே அனுப்புதல் சுருக்கமாக இருந்தது. கேட்கும் பணி முழுவதும் இங்கிலாந்திலிருந்த பெரிய ஆன்டெனாக்களின் மேலும் பயிற்சி பெற்ற செவிகளின் மேலும் விழுந்தது.

இதே காலத்தில் பிரிட்டனின் வானொலிப் பாதுகாப்புப் பிரிவு, வீட்டில் இருந்தபடியே பகைவரின் மெல்லிய மோர்ஸ் ஒலிகளைக் கேட்டு எழுதித் தரும் தன்னார்வலர்களாக ஹாம்களைச் சேர்த்தது. அவர்கள் எழுதிய தாள்கள் பார்னெட் நகரின் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றிலிருந்த மறைமொழிச் செய்திகள் பிளெட்ச்லி பார்க்கில் ஆராயப்பட்டன. அமைதிக்காலத்தில் இரைச்சலுக்குள் மெல்லிய ஒலியைப் பிரித்தறியப் பழகிய பழக்கம் போருக்குப் பயன்பட்டது. போருக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் பாராசெட்டின் மின்சுற்று ஹாம்களிடையே பரவியது. அதன் நகலைக் கட்டி இயக்குவது இன்றும் சிற்றாற்றல் வட்டாரங்களில் விருப்பமான பணி.

கிலோவாட் காலமும் எதிர்ப்பும்

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய கருவிகள் சந்தையில் மலிவாகக் கிடைத்தன. அமெரிக்காவில் 1951இல் அறிமுகமான நாவிஸ் என்ற தொடக்கநிலை உரிமம் 75 வாட் உள்ளீட்டு வரம்பு விதித்தது. ஆனால் மேல்நிலை உரிமம் பெற்றதும் ஆற்றலைக் கூட்டுவதே வளர்ச்சியின் அடையாளமாயிற்று. தொழிற்சாலையில் முழுமையாகச் செய்துவந்த கருவிகளும் கிலோவாட் ஆம்ப்ளிஃபயர்களும் ஹாம்களின் மேசைகளை நிறைத்தன. அலைவரிசைகளில் நெரிசல் கூடியது. கருவியைத் தன் கையால் கட்டும் பழக்கம் தேயத் தொடங்கியது.

இந்தப் போக்குக்கு மாற்றாக 1961இல் ஹாரி பிளம்க்விஸ்ட் என்ற அமெரிக்க ஹாம் கியூ.ஆர்.பி. சங்கத்தைத் தொடங்கினார். நூறு வாட்டுக்கு மேல் போவதில்லை என்பதே அதன் தொடக்ககால உறுதிமொழி. இன்று ஹாம் கடைகளில் விற்கும் சாதாரணக் கருவியின் அளவே நூறு வாட்தான். கிலோவாட் ஓங்கியிருந்த அந்நாளில் அதுவே பெருந்துறவாகத் தோன்றியது. தேவைக்கு மேல் ஆற்றலைச் செலவிடாமல் அலைவரிசையின் நெரிசலைக் குறைப்பதே சங்கத்தின் நோக்கம். பின்னர் கருவிகள் மாறியபோது வரம்பும் படிப்படியாக இறங்கி ஐந்து வாட்டில் நிலைத்தது.

அதே ஆண்டின் இறுதியில் வானிலிருந்தும் ஒரு சான்று வந்தது. 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக் வெறும் ஒரு வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலித்ததை உலகெங்கும் ஹாம்கள் கேட்டிருந்தார்கள். 1961 டிசம்பர் 12 அன்று கலிஃபோர்னிய ஹாம்கள் தாங்களே கட்டிய ஆஸ்கார் 1 என்ற செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் ஆற்றல் 140 மில்லிவாட். மோர்ஸில் ஹாய் என்ற இரண்டெழுத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிய அந்தக் கருவியை 28 நாடுகளைச் சேர்ந்த 570க்கும் மேற்பட்டோர் கேட்டு அறிக்கை அனுப்பினார்கள்.

இருபது மடங்கும் இரண்டு படியும்

சிற்றாற்றல் இயக்கம் ஆசையை மட்டும் நம்பி நிற்கவில்லை. அதற்கு அடிப்படையான கணக்கு ஒன்று உண்டு. ரிசீவரில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். அதாவது, அனுப்புபவர் ஆற்றலை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் கேட்பவரின் மீட்டரில் ஒரு படி இறங்கும். நூறு வாட் 25 ஆனால் ஒரு படி. 25 வாட் ஆறேகால் ஆனால் இன்னொரு படி. ஆகவே நூறு வாட்டில் ஒன்பதாம் படியில் கேட்கும் சிக்னல், ஐந்து வாட்டில் ஏழாம் படிக்குச் சற்றுக் கீழே கேட்கும். ஆற்றல் இருபதில் ஒரு பங்காகிறது. கேட்பவருக்கோ இரண்டு படிக்குச் சற்றுக் கூடுதலான இழப்பு. இரைச்சல் மட்டத்துக்கு மேலே சிக்னல் இருக்கும் வரை அந்த இழப்பு தாங்கக்கூடியதே.

இழந்த அந்த இரண்டு படியை வேறு வழிகளில் மீட்கலாம். முதல் வழி மோர்ஸ். ஒற்றைப் பக்கப்பட்டைக் குரலுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அளவு அகலம் தேவை. மோர்ஸுக்குச் சில நூறு ஹெர்ட்ஸ் போதும். ரிசீவரின் வடிப்பான் குறுகக் குறுக உள்ளே வரும் இரைச்சலும் குறைகிறது. சிற்றாற்றல் ஹாம்கள் மோர்ஸைக் கைவிடாமல் காத்ததற்கு இதுவே தலையாய காரணம்.

இரண்டாவது வழி ஆன்டெனா. ஏழு மெகாஹெர்ட்ஸில் அரை அலை நீளம் ஏறத்தாழ இருபது மீட்டர். அவ்வளவு கம்பியை உயரமான இரு மரங்களுக்கிடையே கட்டி நடுவில் இணைப்புக் கொடுத்தால் நல்ல ஆன்டெனா ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது. ஆன்டெனா மேம்பட்டால் அனுப்புவதோடு கேட்பதும் மேம்படும்.

மூன்றாவது வழி காலமறிதல். ஏறத்தாழ பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகும்போது 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் பகலில் உலகெங்கும் திறக்கும். அப்போது ஒரு வாட்டும் கண்டம் தாண்டும். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் கீழ் அலைவரிசைகளிலும் இரவு நேரங்களிலும் காத்திருக்க வேண்டும். அழைப்பதைவிடக் கேட்பதில் நேரம் செலவிடுவதே சிற்றாற்றல்காரர் கற்கும் முதல் பாடம். யாரும் இல்லாத இடத்தில் குரல் கொடுப்பதைக் காட்டிலும், தெளிவாகக் கேட்கும் ஒருவரைத் தேடி அவர் அழைப்பு முடிந்ததும் பதில் தருவது பலன் தரும்.

டிரான்சிஸ்டர் தந்த விடுதலை

வால்வு வேலை செய்ய உயர் மின்னழுத்தம் வேண்டும். அதை உருவாக்கக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் இந்தச் சுமையை இறக்கியது. 1960களின் பிற்பகுதியில் குறுஅலையில் ஓரிரு வாட் தரும் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் ஆர்வலர் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. கூடுதல் ஆற்றல் தரும் டிரான்சிஸ்டர்களோ இன்னும் விலை உயர்ந்தவை, எளிதில் எரிந்துபோகக் கூடியவை. எனவே ஓரிரு வாட் என்பது புதிய தொழில்நுட்பத்தின் இயல்பான அளவாக அமைந்தது.

ரிசீவரை எளிமையாக்கும் வழியும் அப்போதே திறந்தது. 1968 நவம்பரில் வெஸ் ஹேவர்டும் டிக் பிங்காமும் நேர்மாற்ற ரிசீவரைப் பற்றி அமெரிக்க ஹாம் சங்கத்தின் கியூ.எஸ்.டி. இதழில் எழுதினார்கள். வழக்கமான சூப்பர் ஹெட்டரோடைன், வரும் அலையை முதலில் ஓர் இடை அலைவெண்ணுக்கு மாற்றும். நேர்மாற்ற முறையில், வரும் அலையோடு ஏறத்தாழ அதே அலைவெண் கொண்ட உள்ளூர் அலையைக் கலந்தால் கேட்கும் ஒலி நேரே கிடைத்துவிடும். பெருக்கும் வேலை முழுவதும் ஒலி அலைவெண்ணில் நடப்பதால் சில டிரான்சிஸ்டர்களே போதும். எல்லோரும் மறந்துவிட்டிருந்த முறை அந்தக் கட்டுரையால் உயிர் பெற்றது.

டென்னஸி மாநிலத்தின் டென்-டெக் நிறுவனம் அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டியாக அமைந்த டிரான்ஸீவர் வகையில் பவர்-மைட் என்ற சிறு கருவியையும், 1971இல் ஆர்கோநாட் 505 என்ற கருவியையும் விற்பனைக்கு விட்டது. மின்கலத்தில் ஓடும் ஆர்கோநாட்டில் மோர்ஸும் குரலும் இரண்டும் இருந்தன. மிச்சிகனின் ஹீத்கிட் நிறுவனம் உதிரிப் பாகங்களையும் படிப்படியான விளக்கநூலையும் ஒரே பெட்டியில் தந்து, 1972இல் ஹெச்.டபிள்யூ.-7ஐ அறிமுகப்படுத்தியது. நேர்மாற்ற ரிசீவர் கொண்ட அந்த மோர்ஸ் கருவியையும் அதற்குப் பின் வந்த எட்டாம், ஒன்பதாம் மாதிரிகளையும் சமையலறை மேசையில் வைத்துக் கட்டியவர்கள் மிகப் பலர்.

கடைக்கருவியும் வேண்டாம், கையில் கிடைப்பதே போதும் என்ற போக்குக்கு அடையாளமாக நிற்பது டூனா டின் 2. டக் டிமா 1976 மே மாதக் கியூ.எஸ்.டி. இதழில் வெளியிட்ட இந்த மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். மீன் அடைத்து வந்த தகர டப்பாவே அதன் அடித்தட்டு. ஆற்றல் அரை வாட்டுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ஹேவர்டும் டிமாவும் சேர்ந்து எழுதிய திண்மநிலை வடிவமைப்பு நூல், ஆர்வலர்கள் மின்சுற்றுகளை நகலெடுப்பதோடு நில்லாமல் அளந்து, கணக்கிட்டு, தாமே வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தது.

பாதிரியாரின் சங்கம்

பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்குக்கு உருவம் தந்தவர் ஆங்கிலிக்கத் திருச்சபைப் பாதிரியாரான ஜார்ஜ் டாப்ஸ். அவர் 1972இல் லேடிபேர்ட் பதிப்பகத்துக்காகச் சிறுவர்க்கான டிரான்சிஸ்டர் ரேடியோ நூல் ஒன்றை எழுதியிருந்தார். ஈயப்பற்று வைக்கத் தெரியாத குழந்தையும் மரப்பலகையில் திருகாணிகளை முடுக்கியே ரேடியோ கட்டலாம் என்று காட்டிய நூல் அது. பின்னாளில் மின்னணுத் துறைக்கு வந்த பலருக்கு அதுவே முதற்புத்தகம்.

1974இல் டாப்ஸ் ஜி-கியூ.ஆர்.பி. சங்கத்தைத் தொடங்கினார். அதன் காலாண்டிதழான ஸ்ப்ராட்டில் பெரும்பகுதி மின்சுற்றுப் படங்களும் உறுப்பினர்களின் செயல்முறைக் குறிப்புகளுமே. புதிதாக ஒன்றைக் கட்டிப் பார்த்தவர் படத்தோடு அரைப் பக்கம் எழுதி அனுப்புவார். அடுத்த இதழில் இன்னொருவர் அதை மேம்படுத்தியிருப்பார். சங்கம் கிரிஸ்டல்களையும் உதிரிப் பாகங்களையும் அடக்க விலைக்குத் தந்தது. ஒருவரையொருவர் எளிதில் கண்டுகொள்வதற்காக 3560, 7030, 14060, 21060 கிலோஹெர்ட்ஸ் ஆகிய அலைவெண்கள் சிற்றாற்றல்காரர் கூடுமிடங்களாக வழக்கில் வந்தன. டாப்ஸ் 2019இல் காலமானார். அதற்குள் சங்கம் பிரிட்டனைத் தாண்டிப் பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்டிருந்தது.

வேறு தொழிலுக்காகச் செய்த மலிவுப் பொருளை வானொலிக்குத் திருப்பும் சாமர்த்தியம் இந்த இதழ்கள் வழியே பரவியது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காகக் கோடிக்கணக்கில் செய்த 3.579 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 80 மீட்டர் ஹாம் அலைவரிசைக்குள் விழுவதால் டிரான்ஸ்மிட்டருக்கு உதவியது. கணிப்பொறிக் கிரிஸ்டல்கள் சிலவற்றை ஏணிபோல் தொடுத்தால் விலையுயர்ந்த வடிப்பானுக்கு ஈடாயிற்று. மின்வழங்கிகளில் சுவிட்சாகப் பயன்படும் ஐ.ஆர்.எஃப்.510 என்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர், ஐந்து வாட் தரும் கடைசி நிலை ஆம்ப்ளிஃபயராக மாறியது.

1993இல் அமெரிக்காவில் டக் ஹெண்ட்ரிக்ஸும் ஜிம் கேட்ஸும் நார்கால் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்காக வெய்ன் பர்டிக் வடிவமைத்த நார்கால் 40 என்ற ஏழு மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் கிட், கல்வி உலகையும் எட்டியது. கால்டெக்கில் டேவிட் ரட்லெட்ஜ் அதன் மேம்பட்ட வடிவத்தை ஒரு பாடத்தின் மையமாக்கி, அதையே அடிப்படையாகக் கொண்டு 1999இல் வானொலி மின்னணுவியல் பாடநூலை வெளியிட்டார். மாணவர் ஒவ்வொருவரும் வடிப்பான், அலையியற்றி, கலப்பான் என்று ஒவ்வொரு பகுதியாகக் கட்டி அளந்து, பருவ முடிவில் வேலை செய்யும் டிரான்ஸீவரோடு வெளியேறும் முறை அது. பர்டிக் 1998இல் எரிக் ஸ்வார்ட்ஸோடு சேர்ந்து எலெக்ராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஹைதராபாத்தின் பிட்எக்ஸ்

இந்தியாவில் கருவி கட்டுவதற்குக் காரணம் வேறாக இருந்தது. வெளிநாட்டுக் கருவியின் விலையும் அதன் மேல் இறக்குமதித் தீர்வையும் சேர்ந்தால் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. உரிமம் பெற்றவர் பலருக்கு உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் பாகங்களே கதி. இந்திய விதிகள் தொடக்கநிலை உரிமத்துக்கு 50 வாட், பொதுநிலை உரிமத்துக்கு 400 வாட் வரை அனுமதிக்கின்றன. பையின் கனம் அதற்கு வெகு முன்பே பலரைச் சிற்றாற்றலில் நிறுத்திவிட்டது.

2000களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்ற குரல்வழி டிரான்ஸீவரை வடிவமைத்து, முழு விளக்கத்தோடு எல்லோருக்கும் வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸில் ஆறு வாட் அளவு தரும் கருவி அது. பொதுவாகக் கேட்பதற்கு ஒரு வரிசை ஆம்ப்ளிஃபயர்களும் அனுப்புவதற்கு இன்னொரு வரிசையும் தேவை. பிட்எக்ஸில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் இரு திசையிலும் வேலை செய்யும். ஒரே கிரிஸ்டல் வடிப்பான் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் பயன்படும். பாகங்கள் யாவும் இந்தியச் சிறுநகரத்து மின்னணுக் கடையில் கிடைக்கும் வகை. கம்பி சுற்றும் வளையத்துக்குக் குழாய் வாஷரைக்கூட அவர் பயன்படுத்தினார்.

மோர்ஸில் எளிய கருவிகள் ஏராளமாக இருந்த அந்நாளில், குரலுக்கான கருவியை வீட்டில் கட்டுவது கடினம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பிட்எக்ஸ் அதை மாற்றியது. உலகின் பல மூலைகளிலும் ஆர்வலர்கள் அதைக் கட்டி, தங்கள் ஊரில் கிடைக்கும் டிரான்சிஸ்டருக்கு ஏற்பத் திருத்தினார்கள். 2016இல் ஏழு மெகாஹெர்ட்ஸுக்கான பிட்எக்ஸ் 40 பலகையும், பின்னர் குறுஅலை முழுவதற்குமான மைக்ரோ பிட்எக்ஸும் குறைந்த விலையில் இந்தியாவிலிருந்து உலகெங்கும் சென்றன. இந்தியச் சந்தையின் போதாமைக்காக வகுத்த வடிவம், எல்லாம் கிடைக்கும் நாடுகளிலும் விரும்பப்பட்டது.

விண்வெளியிலும் இந்திய ஹாம்களுக்கு ஒரு வாட் துணை கிடைத்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவுகலம், கார்ட்டோசாட்-1உடன் 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட்டையும் ஏற்றிச் சென்றது. தரையிலிருந்து வரும் ஹாம்களின் குரலை வாங்கி, ஒரு வாட் அளவில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் அதில் இருந்தன. 2014 வரை அது உழைத்தது.

மலையுச்சியும் கணிப்பொறியும்

நூற்றாண்டுத் திருப்பத்தில் சிற்றாற்றல் முறை வீட்டைவிட்டு வெளியேறியது. பல அலைப்பகுதிகளில் ஐந்து வாட் தரும், ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள யேசு எஃப்.டி.-817 தோளில் மாட்டும் நிலையமாயிற்று. 2002இல் பிரிட்டனில் தொடங்கிய மலையுச்சி வானொலித் திட்டம், சிகரம் ஏறி அங்கிருந்து தொடர்பு கொள்வோருக்குப் புள்ளி வழங்கியது. சுமந்து ஏற வேண்டியிருப்பதால் பேட்டரியின் எடையே ஆற்றலை வரையறுத்தது. நகரத்து மின்னிரைச்சல் எட்டாத உச்சியில், நகரத்தில் புதைந்துபோகும் மெல்லிய சிக்னலும் தெளிவாகக் கேட்கும்.

மற்றொரு மாற்றம் கணிப்பொறியால் வந்தது. 1998இல் பிரிட்டிஷ் ஹாம் பீட்டர் மார்ட்டினெஸ் வெளியிட்ட பி.எஸ்.கே.31, தட்டச்சு வேகத்தில் எழுத்துகளை அனுப்ப ஏறத்தாழ முப்பது ஹெர்ட்ஸ் அகலத்தையே எடுத்துக்கொண்டது. இரட்டைப் பல்சார் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லரும் ஒரு ஹாம். விண்மீன்களின் மெல்லிய துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த அறிவை அவர் ஹாம் அலைவரிசைகளுக்குக் கொண்டுவந்தார். 2008இல் அவர் வெளியிட்ட விஸ்பர் முறையில் அழைப்புக்குறி, இடக்குறி, ஆற்றல் அளவு ஆகிய மூன்று மட்டுமே ஏறத்தாழ இரண்டு நிமிடம் மிக மெதுவாகச் செல்லும். அகலம் ஆறு ஹெர்ட்ஸ். மனிதச் செவிக்கு ஒன்றுமே கேட்காத அளவு மெல்லிய சிக்னலையும் மறுமுனைக் கணிப்பொறி படித்துவிடும். 2017இல் அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கிய எஃப்.டி.8 அதே அறிவைப் பதினைந்து வினாடித் தவணைகளில் நடக்கும் இருவழித் தொடர்புக்குப் பயன்படுத்துகிறது.

இந்தப் புதுமுறைகள் வந்தபின்னும் கையால் கட்டிய மோர்ஸ் கருவி மறையவில்லை. மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கும் பிக்ஸி, ராக்-மைட் போன்ற கிட்கள் புதியவர்கள் தம் கையால் கட்டும் முதற்கருவியாக இருந்துவருகின்றன. ஒரு வாட்டுக்கு ஆயிரம் மைல் என்ற அளவைத் தொட்டவர்களுக்குப் 1961இல் தொடங்கிய அமெரிக்கக் கியூ.ஆர்.பி. சங்கம் சான்றிதழ் வழங்குகிறது. ஐந்து வாட்டில் ஐயாயிரம் மைல் போனாலும் சரி, கால் வாட்டில் இருநூற்றைம்பது மைல் போனாலும் சரி, சாதனை ஒன்றே.

1901இல் போல்டு நிலையம் பல கிலோவாட் செலவிட்டுக் கடந்த அட்லாண்டிக்கை, இன்று 0.2 வாட் விஸ்பர் டிரான்ஸ்மிட்டர்கள் நாள்தோறும் கடக்கின்றன. சிக்னல் ஹில்லில் மார்க்கோனி கேட்ட புள்ளிகளைப் பற்றி இன்றும் ஐயம் எழுப்புவோர் உண்டு. விஸ்பரில் படிக்கப்படும் சிக்னல்களோ நேரம், தொலைவு, இரைச்சலோடு ஒப்பிட்ட வலிமை ஆகியவற்றோடு பதிவாகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அனுப்பும் பக்கத்தில் ஆற்றல் பல்லாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. சரியான அலைநீளத்தைத் தேர்வதிலும் வந்ததைக் கேட்பதிலும் பெற்ற தேர்ச்சி அந்தக் குறையை முழுமையாக ஈடுசெய்திருக்கிறது.